படத்தில் நிற்கும் எழுவர் யார்? போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்களையும் குழுவினரையும் பழைய படங்களிலிருந்து கண்டறிதல்

நான்கு எஞ்சின் விமானம் ஒன்றின் மூக்குக்குக் கீழே ஏழு இளைஞர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். ஒருவர் வாயில் சிகரெட் இருக்கிறது. இன்னொருவர் தலைமுடி காற்றில் கலைந்திருக்கிறது. படத்தைத் திருப்பினால் பென்சிலில் எழுதிய ஒரு செல்லப்பெயரும் ‘1943’ என்ற எண்ணும் மட்டுமே தெரிகின்றன. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஆயிரக்கணக்கான வீடுகளின் ஆல்பங்களில் இப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் விமானத்தில் ஏறிப் பணியாற்றியவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். கல்லறையே இல்லாமல் போன வான்படையினர் 20,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீடு நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் பலருக்கு இத்தகைய குழுப் படமே கடைசிப் படமாக அமைந்துவிட்டது. ஆகவே, இவர்கள் யார் என்ற கேள்வியைப் பொழுதுபோக்குப் புதிராக மட்டும் எண்ண என்னால் முடியவில்லை.

இந்தக் கேள்வியோடு படத்தை எடுப்பவர் முதலில் செய்யும் காரியம் முகங்களைப் பார்ப்பது. தாத்தாவின் திருமணப் படத்தை அருகில் வைத்து, காதையும் தாடையையும் ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள். இந்த வேலையை அங்கிருந்து தொடங்கினால் தவறு நேர்வதற்கே வாய்ப்பு அதிகம். இருபது வயது இளைஞர்கள் ஒரே உடையிலும் ஒரே தலைவாரலிலும் நிற்கும்போது எவரும் எவரைப் போலவும் தோன்றுவார்கள். பாதுகாப்பான வழி விமானத்திலிருந்து தொடங்குவதுதான். விமானத்தின் எண் தெரிந்தால் அது எந்தப் படையணியில் இருந்தது என்பது தெரியும். படையணி தெரிந்தால் அதன் பதிவேட்டைத் திறக்கலாம். பதிவேட்டில் பெயர்கள் இருக்கும். முகம் கடைசியில்தான் வரவேண்டும், அதுவும் பட்டியலிலுள்ள ஏழு பெயர்களில் யார் எவர் எனப் பிரித்தறிவதற்கு மட்டுமே.

பிரிட்டிஷ் விமானங்களில் இரண்டு வகை அடையாளங்கள் எழுதப்பட்டிருந்தன. உடற்பகுதியின் பக்கவாட்டில், நாட்டைக் காட்டும் வட்டச் சின்னத்தின் இருபுறமும் ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவாக எழுதப்பட்டவை குறியெழுத்துகள். அவற்றில் இரண்டு எழுத்துகள் படையணியையும், தனித்து நிற்கும் மூன்றாவது எழுத்து அந்தப் படையணிக்குள் குறிப்பிட்ட விமானத்தையும் காட்டும். மற்றொன்று வால் அருகே 8 அங்குல உயரத்தில் மட்டும் எழுதப்பட்ட வரிசை எண். தொழிற்சாலையில் இடப்பட்ட இந்த எண், விமானம் பிரிட்டிஷ் வான்படையில் இருக்கும்வரை மாறாது. குறியெழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும். லண்டனில் உள்ள வான்படை அருங்காட்சியகத்தில் இன்று நிற்கும் ஆர் 5868 என்ற லங்காஸ்டர் விமானம் இதற்கு நல்ல சான்று. 1942இல் 83ஆம் படையணிக்குப் போனபோது அதன் எழுத்துகள் ‘ஓ.எல்.-கியூ’, அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் 467ஆம் படையணிக்கு மாற்றப்பட்டபோது ‘பி.ஓ.-எஸ்’. இரண்டு காலத்துப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டு வெவ்வேறு விமானங்களாகவே தோன்றும்.

இதற்கு நேர்மாறான சிக்கல்தான் அதிகமான பேரைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது. ஒரு விமானம் திரும்பி வராமல் போனால், அதன் தனி எழுத்து சில நாள்களிலேயே புதிதாக வந்த விமானத்துக்குக் கொடுக்கப்பட்டுவிடும். ஒரே படையணியில் ஒரே எழுத்தைத் தாங்கிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்திருக்கின்றன. ஆதலால் படத்தில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தாலும் தேதி தெரியாவிட்டால் அது பாதி விடைதான். படையணிகளின் குறியெழுத்துகளும் நிலையானவை அல்ல. 1943 மே மாதத்தில் ஜெர்மனியின் அணைகளை உடைத்த 617ஆம் படையணி அப்போது ‘ஏ.ஜே.’ என்ற எழுத்துகளைப் பயன்படுத்தியது, பின்னர் ‘கே.சி.’, சில சிறப்பு விமானங்களுக்கு ‘ஒய்.இசட்.’ என்று மாறியது.

எழுத்துகளைப் படிப்பதிலேயே ஒரு தடை உண்டு. இருண்ட வண்ணம் பூசிய இரவுநேர விமானங்களில் குறியெழுத்துகளும் வரிசை எண்ணும் மங்கலான சிவப்பில் எழுதப்பட்டன. அக்காலத்தில் பரவலாகப் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் என்னும் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அந்த ஃபிலிமில் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகவும், மஞ்சள் எதிர்பார்த்ததைவிடக் கருமையாகவும், நீலம் வெளிறியும் பதிவாகும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மறைந்துபோக, எழுத்தே இல்லாத விமானம் என்று பார்ப்பவர் முடிவு செய்துவிடுகிறார். வட்டச் சின்னத்தின் வெளிவிளிம்பிலுள்ள மஞ்சள் வளையம் கருவளையமாகத் தெரிவதால், வேறு நாட்டுச் சின்னமோ என்று குழம்புவோரும் உண்டு. இத்தகைய படங்களை அதிகத் தெளிவுடன் ஸ்கேன் செய்து, இருண்ட பகுதியின் வெளிச்சத்தை மட்டும் மெல்ல உயர்த்தினால், பல வேளைகளில் ஓர் எழுத்தின் விளிம்பு மங்கலாக மேலெழுந்து வரும். வெறும் வயிற்றுப்பகுதி என்று நினைத்த இடத்தில் அந்த எழுத்து புலப்படும் கணம் மறக்க முடியாதது.

படம் இடவலமாக மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் உடனே சோதிக்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட பிரதிகள் ஏராளம். விமானத்தில் எழுத்து எதுவும் தெரியாவிட்டாலும் சீருடை உண்மையைச் சொல்லிவிடும். வான்படையினரின் இறக்கைச் சின்னம் இடது மார்பில் சட்டைப்பைக்கு மேலேதான் தைக்கப்படும். நம்மை நோக்கி நிற்பவரின் படத்தில் அது நமக்கு வலப்புறம் தெரிய வேண்டும். எல்லாருக்கும் இடப்புறம் தெரிந்தால் படமே இடவலம் மாறியது என்று கொள்ளலாம். செய்தித்தாள்களுக்குக் கொடுக்கப்பட்ட படங்களில் தணிக்கையாளர்கள் ரேடார் சாதனங்களையும் ஆண்டெனாக்களையும் வரிசை எண்களையும் சுரண்டியோ வண்ணம் தீட்டியோ அழித்ததுண்டு என்பதால், வழுவழுப்பாக, நிழலே இல்லாமல் தெரியும் இடத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

எண்ணும் எழுத்தும் கிடைக்காதபோது விமானத்தின் உடலமைப்பே காலத்தைக் குறுக்கித் தரும். லங்காஸ்டரோ ஹாலிஃபாக்ஸோ வயிற்றின் அடியில் புடைப்போடு தெரிந்தால், அது எச்2எஸ் என்ற ரேடாரின் உறை. ஆகவே படம் 1943க்கு முந்தியது அல்ல. ஹாலிஃபாக்ஸின் இரட்டை வால் துடுப்புகள் முதலில் முக்கோண வடிவில் இருந்தன. பிறகு பெரிய செவ்வக வடிவுக்கு மாறின. தரையிலிருந்து விமானி அறை 22 அடிக்கும் மேலான உயரத்தில், நீண்ட கால்களில் நிற்கும் விமானம் என்றால் அது ஸ்டர்லிங். வரிசை எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிந்தாலும் பயனுண்டு, ‘கே.பி.’ என்று தொடங்கும் லங்காஸ்டர் கனடாவில் கட்டப்பட்டது.

அமெரிக்க விமானங்களில் இந்தக் காலக்கணக்கு இன்னும் எளிது, ஏனெனில் அவர்களுடைய நட்சத்திரச் சின்னம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே பலமுறை மாற்றப்பட்டது. 1942 மே மாதத்தில் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளி நீக்கப்பட்டது. 1943 ஜூன் இறுதியில் இருபுறமும் வெள்ளைப் பட்டைகளும் சுற்றிலும் சிவப்பு விளிம்பும் சேர்க்கப்பட்டன. சில வாரங்களுக்குள் அந்த விளிம்பு நீலமாக்கப்பட்டது. ஆணை வந்த அன்றே எல்லா விமானங்களிலும் வண்ணம் மாறிவிடவில்லை என்பதால், ‘இந்தத் தேதிக்கு முன்பு எடுத்திருக்க முடியாது’ என்று மட்டுமே இதிலிருந்து உறுதியாகச் சொல்லலாம். அமெரிக்கர்களின் வால் எண்ணும் கைகொடுக்கும். 41-24485 என்ற விமானத்தின் வாலில் ‘124485’ என்று எழுதியிருக்கும்; ஆண்டின் முதல் இலக்கம் மட்டும் விடுபட்டிருக்கும். இங்கிலாந்திலிருந்து பறந்த எட்டாம் வான்படையின் பி-17, பி-24 விமானங்களின் வாலில் 1943 நடுப்பகுதியிலிருந்து முக்கோணம், வட்டம், சதுரம் ஆகிய வடிவங்களுக்குள் ஓர் எழுத்து இடம்பெறத் தொடங்கியது. முக்கோணத்துக்குள் ‘ஏ’ என்றால் 91ஆம் குண்டுவீச்சுக் குழு. சதுரத்துக்குள் ‘டி’ என்றால் 100ஆம் குழு.

இனி மனிதர்கள். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவதே முதல் தடயம். லங்காஸ்டர் குழுவில் ஏழு பேர்: விமானி, ஃபிளைட் இன்ஜினியர், நேவிகேட்டர், குண்டு குறிபார்ப்பவர், வயர்லெஸ் இயக்குநர், முதுகுக் கோபுரத் துப்பாக்கிக்காரர், வால் கோபுரத் துப்பாக்கிக்காரர். வெல்லிங்டன் விமானத்தின் முன் ஐந்து பேர் நின்றால், அது பெரும்பாலும் பயிற்சி நிலையத்தில் எடுத்த படம். அங்கே ஒரு பெரிய கூடத்தில் எல்லாரையும் விட்டு, தங்களுக்குள் தாங்களே குழு சேர்ந்துகொள்ளச் சொல்வார்கள். அப்படிச் சேர்ந்த ஐவர், நான்கு எஞ்சின் விமானத்துக்கு மாறும்போதுதான் இன்ஜினியரும் இரண்டாவது துப்பாக்கிக்காரரும் வந்து எழுவராவார்கள். எட்டு பேர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. எட்டாமவர் அனுபவத்துக்காக உடன் பறந்த புதிய விமானியாகவோ தரைப்பணியாளராகவோ இருக்கலாம். ஆனால் பின்னணியிலுள்ள லங்காஸ்டரின் முதுகில் உயரமான இரண்டு கம்பங்கள் தெரிந்தால், அது எதிரியின் வானொலிப் பேச்சைக் குலைக்கும் கருவி தாங்கிய 101ஆம் படையணியின் விமானமாக இருக்க வாய்ப்பு மிகுதி. அந்த எட்டாமவர் ஜெர்மன் மொழி தெரிந்த சிறப்பு இயக்குநர்.

மார்பிலுள்ள சின்னத்தை உருப்பெருக்கியால் பார்த்தால் ஒவ்வொருவரின் வேலையும் தெரியவரும். இரட்டைச் சிறகு விமானிக்கு உரியது. மற்றவர்களுக்கு ஒற்றைச் சிறகும் அதன் அடியில் வளையத்துக்குள் எழுத்தும் உண்டு: ‘என்’ நேவிகேட்டர், ‘பி’ குண்டு குறிபார்ப்பவர், ‘ஈ’ இன்ஜினியர், ‘ஏ.ஜி.’ துப்பாக்கிக்காரர். ‘ஓ’ என்ற எழுத்து தெரிந்தால் அவர் 1942க்கு முந்திய முறையில் பயிற்சி பெற்றவர். ஆனால் அதைப் பின்னரும் பெருமையோடு அணிந்தவர்கள் இருந்தார்கள் என்பதால் அது படத்தின் தேதியைக் காட்டாது, மனிதரின் அனுபவத்தையே காட்டும். பதக்க நாடா மேலும் நுட்பமானது. வான்படை வீர விருதுகளான டி.எஃப்.சி., டி.எஃப்.எம். ஆகிய இரண்டின் நாடாக்களிலும் சாய்கோடுகள் உண்டு. அகலமான கோடுகள் அதிகாரிகளுக்கு உரிய முதலாவதையும், நெருக்கமான மெல்லிய கோடுகள் சார்ஜெண்டுகள் முதலியோருக்கு உரிய இரண்டாவதையும் குறிக்கும். எழுவரில் ஒருவருடைய உடை மட்டும் மற்றவர்களுடையதைவிடத் தெளிவாகக் கருத்திருந்தால், கருநீலச் சீருடை அணிந்த ஆஸ்திரேலியர் அவர் என்று ஊகிக்கலாம்.

இவ்வாறு ‘ஆஸ்திரேலிய நேவிகேட்டர், பதக்கம் பெற்ற சார்ஜெண்ட் விமானி, 1943க்குப் பின், பி.ஓ. எழுத்துகள்’ என்ற அளவுக்கு வந்துவிட்டால், ஆவணத்தைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏ.ஐ.ஆர். 27 என்ற தொகுப்பில் படையணிகளின் நடவடிக்கைப் பதிவேடுகள் உள்ளன. அவற்றில் 541ஆம் எண் படிவம்தான் ஆய்வாளரின் உயிர்நாடி. ஒவ்வொரு இரவும் எந்த வரிசை எண்ணுள்ள விமானம் புறப்பட்டது, அதில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு மேலெழுந்தது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று தட்டச்சில் வரிசையாக இருக்கும். திரும்பாத விமானத்துக்குத் திரும்பிய நேரம் இருக்காது. அந்த வெற்றிடத்தைப் பதிவேட்டில் நேரில் பார்த்தவர்கள் அதன் பிறகு படத்தையும் வேறு விதமாகவே பார்ப்பார்கள். அமெரிக்கத் தரப்பில் இதற்கு இணையாக, 1943 முதல் காணாமல்போன ஒவ்வொரு விமானத்துக்கும் தனி அறிக்கை எழுதப்பட்டது. அதில் குழுவினர் பெயர்களோடு எஞ்சின் எண்களும் இயந்திரத் துப்பாக்கிகளின் எண்களும் கூட இருக்கும்.

பதிவேடும் படமும் பொருந்திவிட்டால் விடை கிடைத்துவிட்டதாக எண்ணத் தோன்றும். பெரிய தவறுகள் நிகழும் இடம் அதுவே. குழு ஒரு விமானத்தின் முன்னால் நிற்பது, அது அவர்களுடைய விமானம் என்பதற்குச் சான்று ஆகாது. மூக்கில் அழகான ஓவியமோ வரிசையாகக் குண்டுச் சின்னங்களோ உள்ள விமானம் நிலையத்தின் பெருமையாக இருக்கும். எல்லாக் குழுவினரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆர் 5868 அப்படிப்பட்ட விமானம். அதன் மூக்கில், எதிரி விமானம் எதுவும் ஜெர்மானிய வானில் பறக்காது என்ற ஜெர்மன் வான்படைத் தலைவர் கோரிங்கின் வாக்கு எழுதப்பட்டு, அதன் அருகே பயணங்கள் குண்டுகுண்டாகக் குறிக்கப்பட்டிருந்தன. 1944 மே மாதத்தில் நூறாவது பயணத்தைக் கொண்டாடி அதன் முன் கூட்டமாக நின்று எடுத்த படங்கள் பல நூல்களில் வந்துள்ளன. அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லாரும் அதில் பறந்தவர்கள் அல்லர். குண்டுச் சின்னங்கள் விமானத்தின் கணக்கு, குழுவின் கணக்கு அன்று. ஒரு குழு முப்பது பயணம் முடித்தால் ஓய்வு. விமானம் அடுத்த குழுவோடு தொடரும்.

இந்தப் பிரிவு மிகத் தெளிவாகத் தெரிவது ‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற புகழ்பெற்ற பி-17 விமானத்தின் கதையில். அதன் விமானியான ராபர்ட் மோர்கனும் குழுவினரும் தங்கள் 25ஆவது பயணத்தை 1943 மே 17இல் முடித்தார்கள். ஆனால் அந்த 25 பயணங்களில் சிலவற்றை அவர்கள் வேறு விமானங்களில் பறந்திருந்தார்கள். ஆகவே விமானத்தின் 25ஆவது பயணம் இரண்டு நாள் கழித்து, வேறொரு குழுவோடு நிகழ்ந்தது. உலகமே அறிந்த ஒரு விமானத்திலேயே குழுவும் இயந்திரமும் இப்படித் தனித்தனி வழியில் போயிருக்க, பெயர் தெரியாத ஒரு படத்தில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவது எவ்வளவு துணிச்சலான செயல்! இதோடு, ஒருவருக்கு உடல்நலமில்லை என்றால் அன்றிரவு இன்னொருவர் அவர் இடத்தில் ஏறுவார். விமானம் விழுந்த இரவின் பட்டியலும் சில வாரங்களுக்கு முன் எடுத்த படமும் ஆறு பேரில் ஒத்து, ஏழாமவரில் வேறுபடுவது அரிதல்ல. படத்தின் அடியில் ஏழாவது பெயரைப் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து எழுதிவிட்டால், இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு வேறொருவர் முகத்தைக் கொடுத்தவர்களாகிவிடுவோம். அந்த ஒரு மாதப் பட்டியலை முழுவதும் படித்து, அதே ஏழு பேரும் சேர்ந்து பறந்த நாள்களை முதலில் குறித்துக்கொள்வதே இதற்கு மருந்து.

தன் விவரத்தைத் தானே சுமந்து வரும் படவகை ஒன்றும் உண்டு. குண்டு விழும் கணத்தில் விமானத்தின் அடியிலிருந்த கேமரா இலக்கைப் படம்பிடிக்கும். அந்தப் பிரதியின் விளிம்பில் நிலையத்தின் சுருக்கப்பெயர், தேதி, லென்ஸின் குவியத்தூரம், உயரம், திசை, நேரம், இலக்கின் பெயர், விமானியின் பெயர், விமானத்தின் தனி எழுத்து, படையணி எண் ஆகியவை ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். குடும்ப ஆல்பத்தில் ஏதோ புகையும் ஒளிக்கோடுகளும் மட்டும் தெரியும் கருத்த படம் ஒன்று இருந்தால், மதிப்பற்றது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பக்கத்து ஏட்டிலுள்ள அழகான குழுப் படத்தைத் திறக்கும் சாவி பெரும்பாலும் அதுதான்.

நம் பக்கத்துக் கடற்கரைகளும் இந்தப் படங்களில் வருகின்றன. பிரிட்டிஷ் வான்படையின் 160ஆம் படையணி லிபரேட்டர் (பி-24) விமானங்களோடு சிகிரியாவிலிருந்தும், 1944இல் சில மாதங்கள் காங்கேசன்துறை நிலையத்திலிருந்தும், அதாவது இன்றைய பலாலியிலிருந்தும், பின்னர் மின்னேரியாவிலிருந்தும் பறந்தது. 1944 ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு திருகோணமலையின் சீனக்குடாவிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க பி-29கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையை நோக்கிப் புறப்பட்டன. பனைமரப் பின்னணியோடு ஒரு நான்கு எஞ்சின் விமானப் படம் கிடைத்தால், வட்டச் சின்னத்தின் நடுப்பகுதியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஜப்பானியரின் சிவப்புச் சூரியச் சின்னத்தோடு குழப்பம் நேராதிருக்க, இந்தப் போர்முனையில் பிரிட்டிஷ் விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பு அறவே நீக்கப்பட்டு, வெளிர்நீலமும் கருநீலமும் மட்டும் பூசப்பட்டன. போருக்குப் பின் கான்பூரில் கைவிடப்பட்ட லிபரேட்டர்கள் பெங்களூரில் பழுதுபார்க்கப்பட்டு, இந்திய வான்படையில் 1968 வரை பறந்தன. அவற்றுள் ஒன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் 99ஆம் படையணியில் கே.என். 751 ஆக இருந்து, இந்தியாவில் எச்.ஈ. 807 ஆகி, 1974இல் பிரிட்டனின் வான்படை அருங்காட்சியகத்துக்குக் கொடையாகப் போனது. ஒரே விமானத்தின் படங்கள் இரண்டு நாடுகளின் ஆல்பங்களில் இரண்டு எண்களோடு இருக்கின்றன என்பதை அறியாமல் தேடுபவருக்கு இரண்டாம் பாதி கிடைக்கவே கிடைக்காது.

அண்மைக் காலத்தில் புதிய ஆபத்து ஒன்று சேர்ந்திருக்கிறது. மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள், இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. ‘ஈ’யா ‘எஃப்’பா, ‘ஓ’வா ‘கியூ’வா என்ற ஐயம் உள்ள இடத்தில் அவை ஏதோ ஒன்றைப் பளிச்சென்று எழுதித் தந்துவிடும், முகத்தையும் அவ்வாறே புதிதாகப் படைத்துவிடும். ஓர் எழுத்தை வைத்து ஏழு பேரின் பெயரைத் தீர்மானிக்கும் வேலையில் இதை ஏற்க முடியாது. ஆய்வுக்கு மூலப் பிரதியின் மாற்றப்படாத ஸ்கேன்தான் உதவும். எவ்வளவு புகழ்பெற்ற படத்திலும் பெயர் தவறலாம் என்பதற்கு இவோ ஜிமாவில் 1945 பிப்ரவரி 23இல் கொடி ஏற்றிய அமெரிக்கப் படைவீரர்களின் படமே சாட்சி. எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் நம்பிய பெயர்களில் ஒன்றை 2016இலும் இன்னொன்றை 2019இலும் கடற்படைக் காலாட்படை அதிகாரபூர்வமாகத் திருத்தியது. வீரர்களின் உடையிலும் உபகரணங்களிலும் கண்ட சிறு வேறுபாடுகளே அங்கே வழிகாட்டின. அதனால்தான் கண்டறிந்த பெயரை எழுதும்போது, எது உறுதி, எது வாய்ப்பு மிகுந்தது, எது வெறும் ஊகம் என்பதைப் பெயருக்குப் பெயர் பிரித்து எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

லிங்கனில் 2018இல் திறக்கப்பட்ட பன்னாட்டுக் குண்டுவீச்சுப் படை மையம், இறந்தோர் 58,000 பேரின் விவரங்களைத் தொகுத்து யாரும் தேடும்படி வைத்திருக்கிறது. எட்டாம் வான்படையின் படங்களுக்கு, இங்கிலாந்திலுள்ள அமெரிக்க விமான அருங்காட்சியகத்தின் தொகுப்பில் பொதுமக்களே பெயர் சேர்க்கலாம். இத்தகைய இடத்துக்கு ஒரு படத்தை அனுப்புமுன் ஆல்பத்திலிருந்து அதைப் பிய்த்தெடுக்காமல், முதலில் ஏட்டை ஏடாகவே ஸ்கேன் செய்ய வேண்டும். எந்தப் படத்துக்கு அடுத்து எது ஒட்டப்பட்டிருந்தது என்பதே தேதி சொல்லக்கூடும். பிறகு, ஒட்டாத படங்களின் பின்பக்கத்தையும் தனியே ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோவின் மங்கிய முத்திரை, தணிக்கையாளரின் வட்ட முத்திரை, வெட்டிப்போன ஒரு நெகட்டிவ் எண், பென்சிலில் எழுதி அழிக்கப்பட்ட ஒரு செல்லப்பெயர் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன; சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், அழித்த பென்சிலின் அழுத்தம் இன்னும் தாளில் தெரியும்.